சாவிக்குக் கிடைத்த ஒரு நாள் லீவு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அவனுக்கு வைத்த பெயர் சாவி. டோக்கன் கொடுக்கும் புரோகிராம், மாடிப்படிக்குக் கீழே இருந்த லினக்ஸ் சர்வரில் ஓடியது. கரண்ட் போய் வந்தால் சர்வர் தானாக எழும், புரோகிராம் எழாது. அவன் வந்து கட்டளை தட்டினால்தான் வெறும் வயிற்றோடு நிற்கிறவர்களின் வரிசை நகரும். மூன்று வருடமாக அவன் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை.

சனிக்கிழமை தங்கைக்குப் பட்டமளிப்பு விழா. வீட்டின் முதல் பட்டம் அவனுடையது. கைநாட்டு வைக்கும் அப்பா, அந்தச் சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டிவிட்டு வந்தார். இரண்டாவது பட்டத்தை அவன் கண்ணால் பார்த்தே தீரவேண்டும். ஆனால் அன்று காலைதான் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தப்போகிறார்களாம்.

வியாழக்கிழமை உட்கார்ந்து, புரோகிராமைத் தானாக எழுப்ப ஒரு சர்வீஸ் கோப்பு எழுதினான். எந்தப் புரோகிராம், யார் பெயரில், எதற்குப் பிறகு ஓடவேண்டும் என்று நாலைந்து வரி. ஸ்டார்ட் கொடுத்தான், ஓடியது.

"இனிமே அதுவே எழுந்துக்கும்க்கா!" என்றான் வரவேற்பு மேசை அக்காவிடம்.

"வாயால பந்தல் போடாத தம்பி. அணைச்சுப் போட்டுக் காட்டு."

மதியம் கூட்டம் கலைந்ததும் அணைத்துப் போட்டான். சர்வர் எழுந்தது. டோக்கன் திரை கறுப்பாகவே கிடந்தது.

"உன் புள்ள இன்னும் தூங்குதே!"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. கோப்பை நான்கு முறை படித்தான். ஒரு பிழையும் இல்லை. பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டான். 'இப்போது ஓடு' என்று ஸ்டார்ட் கொடுத்தவன், 'ஒவ்வொரு முறை எழும்போதும் ஓடு' என்று எனேபிள் கொடுக்கவே இல்லை! கொடுத்தான். மறுபடி அணைத்துப் போட்டான். திரை பளிச்சென்று எழுந்தது.

சனிக்கிழமை அரங்கில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் கண் போனிலேயே இருந்தது. தங்கை மேடைப்படி ஏறும் நேரம் பார்த்து அது அதிர்ந்தது. அக்கா!

"என்னக்கா, டோக்கன் நின்னுபோச்சா?"

"கரண்ட் போச்சு, வந்துச்சு, அதுவும் பின்னாலயே எழுந்துருச்சு. நாப்பத்திரெண்டாவது டோக்கன் ஓடுது. உன்னைத் தேட இங்க நாதியில்ல."

"அப்புறம் எதுக்குக் கூப்பிட்ட?"

"தங்கச்சி பட்டம் வாங்கிட்டாளான்னு கேக்கத்தான். போனை வச்சிட்டு மேடையப் பாருடா!"

அவன் எழுந்து நின்று கை சிவக்கத் தட்டினான். அப்பா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இந்தத் தடவையாவது எது மேல்பக்கம்னு முதல்லயே சொல்லிடுடா."