தோமோயே தூக்கிப்போன பெட்டி

புத்தாண்டின் முதல் மூன்று நாள் அடுப்படிப் பெண்கள் ஓயட்டும் என்றுதான் எல்லாவற்றையும் முன்பே சமைத்து அரக்குப் பெட்டிகளில் அடுக்குகிறார்கள். கனஸாவா ஊரில் யோஷினோபுவுக்கு வாழ்க்கைப்பட்ட நாள் முதல் தோமோயே ஒரு புத்தாண்டில்கூட உட்கார்ந்ததில்லை. சாக்கே மதுவைச் சூடாக்கு, மோச்சி அரிசியடையைச் சுடு, கிண்ணத்தைக் கழுவு. கணவனும் தம்பிகளும் கணப்பு மேஜைக்கடியில் கால் நீட்டிக் கிடப்பார்கள்.

மாமியார் பக்கவாதத்தில் விழுந்த பிறகு சமையலும் முழுக்க இவள் தலையில்தான். கறுப்புச் சோயாவை, நிறம் மங்காமலிருக்கத் துருப்பிடித்த ஆணியோடு ஊறப்போட்டு, தோல் சுருங்காமல் நாளெல்லாம் சிறுதீயில் வேகவிடுவாள். உப்பிட்ட மீன் சினையைச் சவ்வு உரிப்பதற்குள் விரல் மரத்துப்போகும். தின்றவர்கள் கிழவியின் கைப்பக்குவம் என்றார்கள். படுக்கையிலிருந்த கிழவியும் மறுக்கவில்லை.

அவள் இறந்து, துக்க வருஷம் கழிந்து வந்த புத்தாண்டு. இளைய கொழுந்தன் கியோதாகா சோயாவை வாயில் போட்டுக்கொண்டான். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி, அம்மா கை ருசி வரலையே."

"எப்படிடா வரும்?" என்று சிரித்தான் யோஷினோபு. "நானும் சொல்லிப் பார்த்துட்டேன், இவளுக்கு ஏறலை."

தோமோயேவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. "எந்த அம்மா கை? அந்தக் கை பதினஞ்சு வருஷமா கரண்டியே தூக்கலை! அவங்களுக்கு ஊட்டினதும் நான், நீங்க சப்புக்கொட்டித் தின்னதைச் சமைச்சதும் நான்!"

"நல்ல நாளும் அதுவுமா ஏன் கத்துறே? சாக்கே ஆறுது பாரு."

"ஆறட்டும்."

பெட்டிகளை மூடித் துணியில் முடிந்தாள்.

"அண்ணி, நாங்க இன்னும் சாப்பிடவே இல்லை!"

"உங்கம்மாவைக் கூப்பிட்டுச் சமைக்கச் சொல்லுங்க."

கொட்டும் பனியில் பின்தெருவுக்குப் போனாள். அங்கே தனியாக இருந்த சிநேகிதி ஹமாயே கதவைத் திறந்தாள். "என்னடி, கோட்டுகூடப் போடாம?"

இருவரும் உட்கார்ந்து தின்றார்கள். "சோயாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்றாள் ஹமாயே. அன்று தோமோயேவுக்குக் கோபமூட்டாத ஒரே பேச்சு அதுதான்.

சாயங்காலம் யோஷினோபு வந்து வாசலில் நின்றான். "பெட்டியையாவது குடு. எங்க தாத்தா காலத்துது."

வீட்டுக்கு வா என்று அவன் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. பிசுக்கோடு காலிப் பெட்டிகளை அவன் கையில் திணித்தாள். "வெந்நீர்ல போடாதீங்க, அரக்கு போயிடும். மெல்லத் துடைச்சுக் கழுவுங்க."

கதவைச் சாத்தினாள். கோபம் தணிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தாள். அந்த வாரம் முழுக்க அது தணியவில்லை.