கையில் ஒட்டிய களி வாசனை

என் கையெழுத்து கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுவேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாம் என்றால் அது எனக்கு இன்னும் கஷ்டம். எதிரில் ஆள் இருந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என் அண்ணன் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு, எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். உன் அம்மா உன் அப்பாவைப் பட்டினி போட்டாள் என்று தெருவில் யாராவது ஒருநாள் அவளிடம் சொல்லத்தான் போகிறார்கள். அதற்கு முன்னால் நடந்தது நடந்தபடி ஒரு இடத்தில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மத்திகிரியில் ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். அண்ணன், அண்ணி, குழந்தை, நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் தரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு வந்ததிலேயே வயது போய்விட்டது. அண்ணனும் நானும் அரசாங்க மாட்டுப் பண்ணையில் புல் அறுத்துக் கட்டுச் சுமக்கிற கூலிகள். எங்கள் பக்கம் உழைக்கிறவன் சாப்பாடு ராகிக் களிதான். அரிசி பண்டிகைக்கும் நோயாளிக்கும். காய்ச்சல்காரனுக்குக் களி கொடுத்தால் வயிற்றில் கல்லாக உட்கார்ந்துவிடும் என்று எல்லோருக்கும் பயம். கஞ்சித் தெளிவும் பேக்கரி ரொட்டியும்தான் பத்தியம்.

மழை பொய்த்த வருடம் அண்ணனுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. டைபாய்டு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கடையில் அரிசி கண்ணில் படாத காலம் அது. அண்ணி மாநில எல்லை தாண்டி அத்திப்பள்ளி வரை நடந்து போய், அரிசி கடத்துவதாகச் செக்போஸ்ட்டில் பிடிக்காமல் இருக்க அரிசியை மடியில் கட்டிக்கொண்டு வருவார். அதைக் குழைய வடித்து, சாதத்தைக் கூடப் போடாமல் தெளிவை மட்டும் ஊட்டுவார்.

அண்ணன் களி கேட்டான். முதலில் அதட்டிக் கேட்டான், பிறகு கெஞ்சினான். களி கிண்டுகிற வாசனை வந்தால் அவன் எழுந்து உட்காரப் பார்க்கிறான் என்று அண்ணி வீட்டில் களி கிண்டுவதையே நிறுத்திவிட்டார். கிண்டுகிற துடுப்பைக் கழுவிக் கூரை மோட்டுவளையில் செருகிவைத்தார். நானும் குழந்தையும் பக்கத்து வீட்டில் சாப்பிட்டோம். அங்கே ஒரு கன்னடக்கார அம்மா இருந்தார்கள். களி உருண்டையை அவர்கள் முத்தெ என்பார்கள். "முத்தெ தின்னுட்டு வாயைத் தொடைச்சிக்கினு போங்க" என்பார்கள். நான் கையை மண் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குள் போவேன். அப்படியும் அண்ணன் கண்டுபிடித்துவிடுவான்.

"கையைக் காட்டுடா" என்பான்.

நீட்டுவேன். என் விரல்களைப் பிடித்து மூக்கில் வைத்துக்கொள்வான். அப்படியே கண்ணை மூடிக்கொள்வான். பகலில் அவன் கை ஜில்லென்று இருக்கும், சாயங்காலம் மறுபடி சுடும். ஒருநாள் காலை ஜில்லென்று ஆன கை சாயங்காலம் சுடவில்லை. அண்ணன் போய்விட்டான்.

அதற்குப் பிறகு துடுப்பு கீழே இறங்கவில்லை. அண்ணி எனக்கும் குழந்தைக்கும் ராகிக் கூழ் காய்ச்சுவார், களி கிண்ட மாட்டார். மறுவருட மழையில் அதே காய்ச்சல் எனக்கு வந்தது. அண்ணி அதே பாயைப் போட்டார், அதே தெளிவை ஊட்டினார். என் காய்ச்சல் இறங்கியது. ஆனால் உடம்பு திரும்பவில்லை. காய்ச்சல் விட்டு வெகுநாள் ஆகியும் தெளிவும் ரொட்டியும்தான். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கொல்லைக்குப் போவேன். படுத்திருக்கும்போது என் விரல்களை யாரோ பிடித்து மோந்து பார்ப்பது போல இருக்கும். பட்டப்பகலில் இருக்கும். கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வேன்.

பண்ணையில் என் இடம் போய்விடும் என்று பயந்து ஒருநாள் மெல்ல நடந்து போனேன். அங்கே கன்றுக்குட்டிகளை நிறுக்கிற மேடைத் தராசு உண்டு. மேஸ்திரி என்னை அதில் ஏறி நிற்கச் சொன்னார். முள்ளைப் பார்த்துவிட்டு, "போன மாசம் பொறந்த கெடேரி உன்னைவிடத் தேவலைப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆள் துணை இல்லாமல் புல் கட்டைத் தலைக்குத் தூக்குகிற அன்றைக்கு வா, அதுவரை இடத்தை வைத்திருக்கிறேன் என்றும் சொன்னார். நல்ல மனுஷன். அந்த வேலை போனால் வீட்டில் மூன்று பேருக்கும் அடுப்பு இல்லை.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்பவுண்டர் என் விலாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்ன சாப்பிடுகிறாய் என்றார். சொன்னேன்.

"பண்ணை மாட்டுக்கும் ரொட்டிதான் போடறீங்களா?" என்றார். காய்ச்சல் இருக்கும்போது குடல் புண்ணாக இருக்கும், கெட்டியாகத் தின்றால் ஓட்டை விழுந்து ஆளே போய்விடுவான். காய்ச்சல் நன்றாக விட்ட பிறகு தின்னாவிட்டால் எழுந்திருக்க மாட்டான் என்று விளக்கினார். காசு கொடுத்து டானிக் வாங்க வேண்டாம், வீட்டில் இருக்கிற ராகி, கொள்ளு, வேர்க்கடலை, முருங்கைக் கீரை, மோர் போதும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு என்றார்.

நான் போகாமல் நின்றேன். அண்ணனைப் பற்றிக் கேட்க வேண்டும். அவர் இரண்டு பேருக்குக் கட்டுப் போட்டு முடிக்கிற வரைக்கும் நின்றேன். பிறகு எப்படியோ கேட்டுவிட்டேன். களி கேட்டபோது காய்ச்சல் விட்டிருந்ததா என்றார். பகலில் ஜில்லென்று, சாயங்காலம் சூடாக என்றேன். "அப்படின்னா காய்ச்சல் விட்டுச்சா இல்லையான்னு சொல்ல முடியாதுப்பா" என்றார்.

வீட்டில் வந்து அண்ணியிடம் பாதியைத்தான் சொன்னேன், இனி களி தின்னலாமாம் என்று. இரண்டு நாள் மறுபடியும் தெளிவுதான். மூன்றாம் நாள் மத்தியானம் பானையில் துடுப்பு மோதுகிற சத்தம் கேட்டது. அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கிண்டினார். முதல் நாள் நெல்லிக்காய் அளவு, மோரில் கரைத்து. அப்புறம் எலுமிச்சை அளவு. அப்புறம் கொள்ளு ரசத்தோடு முழு உருண்டை. ஊறவைத்த வேர்க்கடலையைக் காலையில் கையில் கொடுத்து, நான் மென்று முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நிற்பார். ஆனால் அவர் தட்டில் மட்டும் களி வைத்துக்கொள்ள மாட்டார். கூழ்தான் குடிப்பார்.

என் கன்னம் மேடேறியது. சட்டை தோளில் நின்றது. கிணற்றடியில் பேச்சும் தொடங்கியது. "சின்னவரு களி தின்னே தேறிட்டாரு. பெரியவரு கேட்டுக் கேட்டே போயிட்டாரு" என்று ஒருத்தி சொன்னதை அண்ணி குடத்தோடு நின்று கேட்டிருக்கிறார். பாதிக் குடத்தோடு திரும்பி வந்தார். அன்றிலிருந்து என்னைப் பார்க்கிறபோது அவர் பார்வை என் கன்னத்தில் நின்று, கீழே இறங்கிவிடும்.

எனக்கு உடம்பு தேறுவதே வெட்கமாகிவிட்டது. ஏரிக்கரையில் வேகமாக நடப்பேன், தெருமுனை வந்ததும் மெதுவாக நடப்பேன். பசித்தாலும் போதும் என்று தட்டை நகர்த்துவேன். ஆனால் எத்தனை நாளைக்கு? ஒருநாள் பண்ணையில் மேஸ்திரி பார்க்கப் புல் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டேன். நாளைக்கு வேலைக்கு வா என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அண்ணி களியை உருட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"தம்பி, அவருக்கும் குடுத்திருந்தா?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். பிழைத்திருக்க மாட்டான் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாததை எப்படிச் சொல்வது?

"கம்பவுண்டரைக் கேட்டேன் அண்ணி. அவருக்கே தெரியல."

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "நீங்களா? நீங்க வாயத் தொறந்து கேட்டீங்களா?"

தலையாட்டினேன். தட்டை நீட்டினேன். "இன்னொண்ணு போடுங்க. பசிக்குது" என்றேன்.

போட்டார். பிறகு பானையில் மிச்சமிருந்ததை வழித்து ஒரு சின்ன உருண்டை பிடித்தார். அதைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கிள்ளி, கொள்ளு ரசத்தில் புரட்டி, வாயில் போட்டுக்கொண்டார். மெல்லவில்லை, களியை யாரும் மெல்வதில்லை. விழுங்கிவிட்டுத் தன் கையை மூக்கருகில் கொண்டுபோனார். அண்ணன் என் கையை மோந்ததை அவர் தினமும் வாசற்படியில் நின்று பார்த்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்போது எங்கள் வீட்டில் தினமும் களி. நான் பழைய ஆளைவிடக் கனமாகவே இருக்கிறேன். சாப்பிட்டுக் கை கழுவினதும் யாரோ என் விரலைப் பிடிக்கிற மாதிரி இன்றைக்கும் இருக்கிறது. நான் கையை இழுத்துக்கொள்வதில்லை. கொஞ்சநேரம் அப்படியே நீட்டிக்கொண்டிருப்பேன்.

அண்ணன் திதி கழிந்த மறுநாள் எழுதி முடித்தேன்.
மாசி மாதம் ஒன்பதாம் தேதி, 1969.