ஐந்து மில்லி

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. ஸ்டூடியோ இருட்டறை வேலைக்கு என்னைப் போல் ஒருவனை வைத்தது முதலாளி செய்த தப்பு. அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்துநாலு வயது. செக்காலையில் இருந்த அந்த ஸ்டூடியோவில் ஒரு சட்டம் இருந்தது: கழுவிய நெகட்டிவை ஈரத்தோடு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்வரை, படம் எடுத்துக்கொண்டவர்களை எழுந்து போக விடக்கூடாது.

அன்று முதலாளி கோவிலூருக்குக் கல்யாணம் எடுக்கப் போய்விட்டார். கடை என் பொறுப்பு. மத்தியானம் கொத்தமங்கலத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அவள் கையில் மூன்று மாதப் பிள்ளை. அவர் அன்று சாயங்கால ரயிலில் நாகப்பட்டினம் போய், அங்கிருந்து மலாயாவுக்குக் கப்பல் ஏறுகிறார். மளிகைக் கடை வேலை. திரும்பி வர நாலு வருஷமாகுமாம். அவர்கள் மூவரும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் முதல் படம் அது. ஒரு பிரதி வீட்டுக்கு, இன்னொன்று தபாலில் மலாயாவுக்கு.

அவளைப் பிள்ளையோடு நாற்காலியில் உட்காரவைத்து, அவரை வலது ஓரமாகப் பின்னால் நிறுத்தி எடுத்தேன். எடுத்து முடித்ததும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"இன்னும் எம்புட்டு நேரம் தம்பி ஆகும்? ரயிலுக்கு நேரமாச்சு."

அவர் ஒருமுறை பார்த்தால் நான் இரண்டு முறை பதறுகிற ஆள். "நல்லா வந்திருக்கு, நீங்க கெளம்புங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நெகட்டிவ் அப்போது தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

இருட்டறைக்குள் போனேன். படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து புதுப் புட்டியில் வந்திருந்தது. அதுவரை அவுன்ஸ் கணக்கு; இதில் லிட்டர் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 0.05 லிட்டர் மருந்து என்று ஒட்டியிருந்தது. ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று வந்த காலத்திலிருந்து புள்ளிக் கணக்கு எனக்குப் பழக்கம்தான். புள்ளி பூஜ்யம் ஐந்து ரூபாய் என்றால் ஐந்து காசு. லிட்டருக்கும் அப்படியே நூறு மில்லிதானே, புள்ளி பூஜ்யம் ஐந்து லிட்டர் என்றால் ஐந்து மில்லி. ஒரு நொடி யோசிக்கவில்லை. ஐந்து மில்லியைச் சின்னக் கிளாஸில் அளந்து, ஒரு லிட்டர் கூஜாத் தண்ணீரில் ஊற்றி, கலவையைத் தட்டில் நிரப்பி, நெகட்டிவை இறக்கினேன்.

சிவப்பு விளக்கில் தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தேன். வழக்கமாக ஒரு நிமிஷத்தில், வெள்ளை வேட்டி நெகட்டிவில் கறுப்பாகத் தெரிய ஆரம்பிக்கும். பிறகு முகங்கள் வரும். இரண்டு நிமிஷமாயிற்று, மூன்று நிமிஷமாயிற்று. ஒன்றும் வரவில்லை. மருந்து கெட்டுப்போனதா, காமிராவைத் திறக்க மறந்தேனா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்போது மருந்தை அளந்த கிளாஸ் கண்ணில் பட்டது. அதன் விளிம்பில் நூறு மில்லி என்று கோடு. நூறு மில்லி ஒரு லிட்டர் என்றால், இந்தச் சின்னக் கிளாஸ் ஒரு லிட்டர் கூஜாவை ஒரே தடவையில் நிரப்ப வேண்டுமே? பக்கத்தில் இருந்த காலிக் கூஜாவில் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். கூஜா நிரம்பப் பத்துக் கிளாஸ் பிடித்தது. லிட்டருக்கு ஆயிரம். நான் போட்டிருக்க வேண்டியது ஐம்பது மில்லி.

அப்போதாவது நிதானம் வந்திருக்கலாம். நெகட்டிவை வெளியே எடுத்துவிட்டு மருந்தைக் கலக்கியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். எனக்கு எங்கே நிதானம்! மிச்ச நாற்பத்தைந்து மில்லியை அப்படியே தட்டில் கொட்டினேன். அது நெகட்டிவின் ஓரத்தில் விழுந்தது. படம் வந்தது, அவள் வந்தாள், பிள்ளையின் மூடிய கைகூட வந்தது. மருந்து நேராக விழுந்த ஓரம் மட்டும் மை கொட்டினாற்போல் கறுத்துவிட்டது. நெகட்டிவில் கறுத்தது பிரிண்டில் வெளுக்கும். அந்த ஓரத்தில்தான் அவர் முகம் இருந்தது.

வெயில் இன்னும் இருக்கிறது, திரும்பக் கூட்டிவந்து எடுத்துவிடலாம் என்று சைக்கிளை மிதித்தேன். ஸ்டேஷனுக்குள் நான் ஓடும்போது ரயில் நின்றுகொண்டிருந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவள் பிள்ளையோடு கீழே நின்றாள். மூச்சு வாங்க, நான் பொய் சொன்னதிலிருந்து மருந்து கொட்டியதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அவமானமாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. "பிள்ளை மொகம் தெரியுதா?" என்று கேட்டார்.

"நல்லாத் தெரியுது. அவுக மொகமும் தெரியுது."

"அப்பறம் என்ன தம்பி, எனக்கு அது போதும். அதையே அனுப்பி வைங்க."

அவள் பிள்ளையைத் தோளில் மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப வீட்டுப் படத்துல எங்களுக்கு என்னண்ணே இருக்கு?"

கார்டு பச்சைக்கொடியைக் காட்டிவிட்டார்.