மச்சினனுக்கு உயர்ந்த விரல்

கரீபியக் கடலின் நெவிஸ் தீவில் அம்பயராக நிற்பவருக்கு மைதானத்தில் அந்நியன் என்று ஒருவன் வாய்ப்பதில்லை. பந்து வீசுபவன் சித்தப்பா மகன், மட்டை பிடிப்பவன் மச்சினன், எல்லைக்கோட்டருகே நின்று திட்டுபவள் சின்னம்மா. வாரமெல்லாம் வேன் ஓட்டிவிட்டு, சனிக்கிழமை வெள்ளைக் கோட்டு மாட்டும் வெர்னலுக்கு இது பல வருடப் பாடு. முழங்கால் தேய்ந்துவிட்டது, காதும் புளித்துவிட்டது. சொந்தக்காரனுக்குச் சாதகம் பண்ணினார் என்று மட்டும் எவனும் சொல்லிவிடக் கூடாது என்பது அவர் வைராக்கியம். அந்த வைராக்கியத்தைக் கொண்டுபோய் அடுப்பில் போட!

அன்று மச்சினன் ஜெவான் நன்றாக ஆடிக்கொண்டிருந்தான். தாயில்லாத அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் வெர்னலின் மனைவி அயோனி. தீவு அணிக்கு ஆள் பொறுக்குகிறவர்கள் மரநிழலில் உட்கார்ந்திருந்தார்கள். இந்த முறையும் எடுக்காவிட்டால் டோர்டோலா தீவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவதாக ஜெவான் சொல்லியிருந்தான்.

பந்து அவன் காலில் பட்டது; வீசியவன் அவுட் கேட்டுக் கத்தினான். ஸ்டம்பைத் தட்டியிருக்குமா, தாண்டிப் போயிருக்குமா? வெர்னலுக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. தெரியாவிட்டால் நாட் அவுட், அதுதான் சட்டம். அதற்குள் வேலியோரமிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"எங்கே கொடுக்கப் போறாரு? பொண்டாட்டி தம்பியாச்சே! ராத்திரி சோறு வேணுமில்ல?"

ஊரே சிரித்தது. வெர்னலின் விரல் மேலே போய்விட்டது.

சாயங்காலம் ரம் கடையில் ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். "நேர்மைன்னா வெர்னல் அண்ணன்தான்டா! மச்சினன்னுகூடப் பாக்கலையே!" ஊற்றிய ரம்மை அவர் தொடவில்லை. எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் சீமைப்பலாவும் உப்புமீனும் ஆறிக் கிடந்தன. அணியின் பெயர்களை வானொலியில் வாசித்து முடித்திருந்தார்கள். ஜெவான் பெயர் இல்லை. அவன் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். என் இடத்துல வேற ஒருத்தன் நின்னிருந்தா அவுட் கொடுத்திருப்பீங்களா?"

வெர்னல் நாற்காலியில் சரிந்தார். பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை.

"மாட்டேன்டா."

ஜெவான் பையை இழுத்து மூடினான். அயோனி அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"ஊரான் பிள்ளைக்கெல்லாம் சந்தேகம்னா விட்டுக்கொடுத்தே," என்றாள். "என் பிள்ளைக்கு மட்டும் உனக்கு மனசு வரலியே, பாவி."