வயர் இல்லாத பெட்டி

காஞ்சிபுரத்தில் பல்கலைக்கழக விடுதியில் தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அறைச் சுவரில் இணையக் கேபிள் செருகும் பெட்டி இருந்தது, இணைப்புதான் வரவில்லை. நான்கு மாதம் புகார் எழுதினேன். "உன் லேப்டாப்லதான் கோளாறு இருக்குதும்மா" என்றே கணினிப் பிரிவு அதிகாரி சொல்லிவந்தார். ஆய்வேட்டைப் பதிவேற்றக் கடைசி நாளன்று ஆத்திரத்தில் பெட்டியைக் கழற்றினேன். பின்னால் வயரே இல்லை. அதைக் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தேன்.

"எல்லா ரூமுக்கும் லைன் குடுத்தாச்சுன்னு நீங்கதானே சார் கையெழுத்து போட்டீங்க?"

"லேடீஸ் ஹாஸ்டல்தானேம்மா, அப்புறம் இழுத்துக்கலாம்னு விட்டுட்டோம்."

அவர் கணினியிலிருந்த கேபிளைப் பிடுங்கி என் மடிக்கணினியில் செருகினேன்.

"இன்னாம்மா பண்றே!" என்று எழுந்தார்.

"உக்காருங்க சார்" என்றேன். ஆய்வேடு போய்ச் சேரும்வரை உட்கார்ந்திருந்தார். மறுவாரம் எங்கள் மாடிக்கு வயர் இழுத்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கும் கோபம் இன்னும் தீரவில்லை.