மில்லிபாரும் பச்சைப் பொம்மைகளும்

கைப்பேசியில் வானிலை பார்த்தேன். காற்றழுத்தம் ஹெக்டோபாஸ்கலில், அதாவது அந்தக் கால மில்லிபாரில், இருந்தது. ஒரு தட்டுத் தட்டினேன், அங்குலமாகிவிட்டது. பள்ளியில் கணக்குக்கு நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்தால், இது தகுதிக்கு மீறிய வசதி.

எண்பதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் அப்பா வீட்டோடு பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருந்தார். சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மைகள் வாசலில் பலகை பலகையாகக் காயும். ஒரு தூறல் போதும், பிள்ளையாருக்குத் தும்பிக்கை கரைந்துவிடும். அதற்குப் பயந்தே அப்பா பழைய சாமான் கடையில் ஒரு காற்றழுத்தமானி வாங்கி மாட்டினார். அது பாதரச அங்குலத்தில் பேசும். புயல் என்றால் ரேடியோ மில்லிபாரில் பேசும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் அப்பா எதையும் நம்ப மாட்டார்.

“முப்பத்து நாலால வகுத்தா அங்குலம் வந்துடும்,” என்று பென்சிலோடு உட்காருவார்.

“டேய், அப்பா பென்சிலை எடுத்துட்டாரு! பலகையைத் தூக்குங்க!” என்று அம்மா கத்துவார். அக்காவும் நானும் ஈரமண் வாசனையோடு வாசலுக்கும் கூடத்துக்குமாக ஓடுவோம்.

“இருடி, இன்னும் தசமம் வரல.”

“அது மெதுவா வரட்டும். மழை முன்னாடி வந்துடும், பாருங்க.”

கடைசிப் பலகையும் உள்ளே வந்து, கொடித்துணியை எடுக்க ஓடிய நாங்கள் நனைந்து திரும்பும்போது, “மழை வரும்,” என்று அப்பா அறிவிப்பார். தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டுக்கொள்வோம்.

கைப்பேசி கண்ணிமைப்பதற்குள் கணக்கை முடித்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஒரு பலகையைக்கூடத் தூக்கியிருக்க முடியாது. அப்பா அவ்வளவு மெதுவாக வகுத்ததால்தான் எங்கள் வீட்டில் ஒரு பொம்மையும் கரையவில்லை.