ஒரு சேர் போதும் என்றவள்

ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக இருப்பவருக்கு வாய் மட்டும்தான் உண்டு, கை கிடையாது. கோயில் கமிட்டி, பள்ளிக்கூடக் கமிட்டி என்று எதிலாவது மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. குளத்தூரில் தையல் கடை வைத்திருக்கும் என்னை, பொதுமக்கள் சார்பில் குழந்தைகள் நலத்துக்கான குழுவில் போட்டார்கள். மாசம் ஒரு நாள் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறுவேன். யோசனை சொல்வோம், டீ குடிப்போம், திரும்புவோம்.

சேர்

ஒரு மாசக் கூட்டத்துக்கு ஆவூர்ப் பக்கத்திலிருந்து அக்கா தம்பி இருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். ஜெனிட்டா ஏழாவது படிக்கிறாள், டேனி பால்வாடிப் பிள்ளை. அப்பா முன்பே இல்லை, அம்மாவும் சமீபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்களுக்கெல்லாம் குஷன் வைத்த சேர், அதிகாரிக்கு டவல் விரித்த சேர். பிள்ளைகளுக்காகக் கூடிய கூட்டத்தில் பிள்ளைகள் உட்கார இடமில்லை! இத்தனை பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை பாருங்கள், எனக்கும்தான். பியூன் ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கி வந்தார். இன்னொன்றுக்கு ஓடப்போனவரை ஜெனிட்டா தடுத்தாள்.

"ஒண்ணு போதுங்கண்ணே. தம்பி என் மடியில உக்காந்துக்குவான்."

மாசம் ஒருதரம்

பெண் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம், ஆண் பிள்ளைகளுக்கு வேறு ஊரில் இன்னொரு இல்லம். இருவரையும் பிரிக்காமல் வேறு வழி இல்லை என்றார் அதிகாரி. நல்ல மனுஷர், கனிவாகத்தான் சொன்னார். மாசம் ஒருதரம் தம்பியை வந்து பார்க்கலாம் என்று தேற்றவும் செய்தார். ஜெனிட்டா அழவில்லை. தம்பி தலையைக் கோதிக்கொண்டே நிதானமாகக் கேட்டாள்.

"ராத்திரி பயந்து எந்திரிச்சான்னா, மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கடான்னு சொல்லவா சார்?"

சாப்பாடு

அம்மா இறந்ததிலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவும் அவள் புருஷன் லூர்துவும்தான். லூர்து கீரனூரில் ஆட்டோ ஓட்டுகிறார். ஜெனிட்டாவின் கேள்விக்கு அப்புறம் பிரிக்கிற பேச்சைத் தள்ளி வைத்து, அவர்களிடமே வளர விடலாமா என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள். ஓட்டு வீடு, ஒரே ரூம், ஏற்கெனவே சொந்தப் பிள்ளை ரெண்டு. ஜன்னல், கக்கூஸ், தண்ணீர் என்று எல்லாவற்றையும் பெரிய மனுஷி மாதிரி பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளைகளை எதுக்காக எடுத்துக்கணும்னு நினைக்கிறீங்க?" என்றேன். ஸ்டெல்லா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவுங்கம்மா செத்த அன்னைக்கு இங்க சாப்பிட உக்காந்த பிள்ளைங்க. நாங்க எந்திரின்னு சொல்லலையே. நீங்கதான் எழுப்பிக் கூட்டிட்டுப் போனீங்க."

ரெண்டு சேர்

வீடு சின்னது என்று குழுவில் பெரிய வாக்குவாதம். ஸ்டெல்லா சொன்னதை அப்படியே சொன்னேன். அதற்குமேல் ஒருத்தரும் வீட்டை அளக்கவில்லை. சேர்ந்தே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தோம், மேலே இருந்தவர்களும் சம்மதித்தார்கள்.

சில மாசம் கழித்து இருவரும் ஸ்டெல்லாவோடு வந்தார்கள். பியூன் முன்கூட்டியே பிள்ளைகளுக்கு ரெண்டு, ஸ்டெல்லாவுக்கு ஒன்று என்று மூன்று சேர் போட்டு வைத்திருந்தார். மடியைத் தேடாமல் டேனி தனிச் சேரில் ஏறி, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஜெனிட்டா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இப்பல்லாம் தனியா உக்காருவான் மேடம். நான் பக்கத்துலதான் இருப்பேன்னு அவனுக்குத் தெரியும்."

உத்தரவு போட வக்கில்லாத எங்கள் குழு இத்தனை வருஷத்தில் உருப்படியாகச் செய்த காரியம், ஆபீசுக்குள் கூடுதலாக சேர் போட்டதுதான்.